பிளாஸ்கில் மாவடுத் தண்ணி

அக்கா, இந்த பிளாஸ்கைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? சாயாம நேரா வச்சுக்கணும், அவ்வளவுதான். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில கம்பி, மூணாவது கை எனக்கு இல்ல. பால் இல்லக்கா. மாவடுத் தண்ணி. ஆமா, நம்ம ஊறுகாய் மாவடுதான், அந்தத் தண்ணி. ஜில்லுனு இருக்கணும்னு ஐஸ் போட்டிருக்கு. மாவடுத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கணும்னு கேப்பீங்க. அதுதான் என் தலைவலியே.

கடலூர் போறீங்களா? நான் ரெட்டிச்சாவடியில இறங்கிடுவேன். அப்பாடா, அந்த அண்ணன் எழுந்துட்டாரு, கொஞ்சம் நகருங்கக்கா. பிளாஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும். இவன் தூக்கத்துல காலை உதறுவான்.

இவன் பேரு முகிலன். ரெண்டரை வயசு. இன்னிக்கு வேலைக்கு என்கூட வந்துட்டாரு துரை. எப்பவும் எங்க நாத்தனார் செங்கேணிதான் பாத்துக்கும், அது இன்னிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிடுச்சு. நான் பாண்டிச்சேரியில பீச் ரோட்டுக்கு உள்ளாற ஒரு ஹோட்டல்ல கிச்சன்ல இருக்கேன். பேரு அஞ்சலாட்சி. சமைக்கிற வேலை இல்ல, கட்டிங். எலுமிச்சம்பழம் பிழியறது, புதினா ஆயறது, பாருக்கு வேண்டிய பாகு காய்ச்சறது. அந்த பாருக்கு ஒரு நாளைக்கு எத்தனை எலுமிச்சம்பழம்னு நினைக்கிறீங்க? என் விரலைப் பாருங்க, தோல் எப்படி இருக்குன்னு.

எனக்கு பிரேக் ஷிப்ட். காலைல ஏழுலேருந்து பதினொண்ணு, மறுபடி சாயங்காலம் அஞ்சுலேருந்து ஒன்பதரை. நடுவுல வீட்டுக்குப் போய் வர முடியாது, அங்கேயே ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டி மேல சாஞ்சு கிடக்கணும். நான் கிளம்பும்போது இவன் தூங்குவான். நான் வரும்போதும் தூங்குவான். இப்ப தூங்குறான் பாருங்க, இந்த மூஞ்சிதான் எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி.

இன்னிக்கு ஸ்டோர் ரூம்ல விளையாடிட்டு இருந்தவன் டின் மேல காதை இடிச்சுக்கிட்டான். ஓடிப்போய் தூக்கினேன். என் இடுப்புல உக்காந்துக்கிட்டே அம்மா அம்மான்னு வாசலைப் பாத்து அழறான். செங்கேணியைத் தேடறான்கா. என்னை இவன் அஞ்சலைன்னுதான் கூப்பிடுவான், எங்க வீட்டுக்காரர் கூப்பிடுற மாதிரியே. கிச்சன்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

அதனாலதான் அந்த பார் கவுண்டர் வேலை எனக்கு வேணும். காலைல பத்துலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். பத்து மணி வேலைன்னா நானே இவனைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, அங்கன்வாடியில விட்டுட்டு வரலாம். வேற ஒண்ணும் நான் கேக்கல. கவுண்டர்ல நின்னு ஸ்டைல் பண்ணணும்னு எனக்கு ஆசையா என்ன?

போன மாசம் எங்க மேனேஜர் மிருணாளினி மேடம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாங்க. பகல் ஷிப்ட்டுக்கு பார்ல ஒரு ஆள் வேணும், மெனு கார்டும் மாத்தப் போறோம், பழைய சரக்கையே புதுசா மாத்தி யார் ஒரு நல்ல கிளாஸ் கொண்டு வர்றாங்களோ அவங்களையே நிறுத்தறேன், கிச்சன் ஆளா இருந்தாலும் பரவாயில்லன்னு. யாரும் சரியா வரலன்னா மெட்ராஸ்லேருந்து கேட்டரிங் படிச்ச ஆளைக் கூப்பிட்டுக்குவேன்னாங்க.

எங்க பார்ல சவரிநாதன்னு ஒரு அண்ணன், இருபது வருஷ சர்வீஸ். அவர்கிட்டதான் கேட்டுக்கிட்டேன். வெளிநாட்டுல மார்ட்டினின்னு ஒரு சரக்கு இருக்காம். அதுல ஆலிவ் காயை ஊறவச்ச உப்புத் தண்ணியைக் கொஞ்சம் ஊத்துவாங்களாம். அதுக்கு உலகம் பூரா மவுசாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஊறுகாய்த் தண்ணிதானே அண்ணே, நம்ம வீட்டு ஜாடியில இல்லாததான்னு கேட்டேன். அவரு, கொண்டா பாப்போம்னாரு.

பங்குனியில போட்ட மாவடு வீட்டுல இருந்துச்சு. கல்லுப்பு, மொளகாப்பொடி, கடுகு, மஞ்சள், ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். தினம் ஜாடியைக் குலுக்கி விட்டா அதுவே தண்ணி விட்டுக்கும், தெரியும்ல உங்களுக்கு. வெள்ளைத் துணியில வடிகட்டி எண்ணெயை எடுத்துட்டேன். சரக்குக்கு ஒரு பாட்டில் பார்ல சும்மாவே கிடந்துச்சு. வடக்கேருந்து மேடம் வாங்கிட்டு வந்தது, இலுப்பைப்பூவுல வடிச்ச சாராயம். யாரும் கேக்கமாட்டாங்க. சவரி அண்ணன் அதைத் தொடைச்சுத் தொடைச்சு வைப்பாரு. நான் மூடியைத் திறந்தேன். எங்க ஊர் ஏரிக்கரையில மூணு இலுப்பை மரம் உண்டு, விடிகாலைல பூ கொட்டிக் கிடக்கும், பொறுக்கி வறுத்துத் தின்போம். அதே வாசம். அதுல மாவடுத் தண்ணி, ஒரு ஸ்பூன் நன்னாரிப் பாகு. அவ்வளவுதான் என் சரக்கு.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? குடிச்சுப் பாத்தேனான்னா? நானா? சத்தியமா இல்ல. நாக்குல வச்சதே இல்ல. எனக்கு எல்லாம் மூக்குதான்.

எங்க அம்மா குலசாமிக்குப் படையல் ஆக்கறவங்க. சாமி சாப்பிடறதுக்கு முன்னாடி யாரும் வாயில வைக்கக்கூடாது. குழம்பு கொதிக்கும்போது ஆவியை மோந்தே உப்பு சொல்லுவாங்க. நானும் அப்படியே பழகிட்டேன். எங்க வீட்டுல பத்து வயசுலேருந்து குழம்பு என் பொறுப்பு, ஒரு நாள் உப்பு கூடினதில்ல, குறைஞ்சதில்ல. அதே மாதிரிதான் இதையும் பண்ணினேன். ஒரு சின்ன டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி ரெண்டு கைக்குள்ளயும் வச்சு மூடிக்குவேன். கைச்சூட்டுல வெதுவெதுன்னு ஆனதும் மோந்து பாப்பேன். முதல்ல இலுப்பைப்பூ வரும். பின்னாடியே மாங்காய்ப் பால் வாசம். அப்புறம் நன்னாரி. கடைசியில மொளகா, லேசா மூக்கு நுனியில. அன்னிக்கு அது நாலும் ஒண்ணா வந்து உக்காந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சரியா வந்துட்டா எனக்குத் தெரியும்கா.

சவரி அண்ணன் அதை ஐஸ்ல கலக்கி, உசரக் காலு வச்ச கிளாஸ்ல ஊத்தி, ஒரு வடுமாங்காயைக் குச்சியில குத்தி, மேடம்கிட்ட கொடுத்தாரு. மேடம் ஒரு வாய் குடிச்சாங்க. இன்னொரு வாய் குடிச்சாங்க. ஒண்ணும் தெரியலையே அஞ்சலாட்சி, தண்ணியா இருக்கேன்னாங்க.

எப்படி இருக்கும் எனக்கு? நான் கிளாஸை வாங்கி மோந்தேன். நிஜமாவே வாசம் இல்ல. எல்லாம் அந்த ஐஸ் பண்ற வேலை. மெஷின் ஐஸ்கா அது, குழாய்த் தண்ணியில உறையுது. அந்த மெஷினைப் பாத்துக்கிற ஆள்கிட்ட நல்லா சண்டை போட்டேன். அவன், ஏன்மா, ஐஸ்னா ஐஸ்தான், அது என்ன பண்ணும்னான். ஐஸே போடாம கொடுக்கலாம்னு மேடம்கிட்ட கேட்டேன். வெயில்ல வர்றவனுக்குக் கஷாயமா கொடுக்கப் போறேன்னு சொல்லிட்டாங்க.

சரி, ஐஸுக்கு மேல வாசம் ஏறி வரணும், அவ்வளவுதானேன்னு மாவடுத் தண்ணியைக் கூட்டினேன். ஒரு ஸ்பூன், மோந்து பாத்தேன், வரல. இன்னொரு ஸ்பூன். வரல. ஆறாவது ஸ்பூன்ல வந்துச்சு, ஐஸையும் மீறி கும்முனு வந்துச்சு. அதை மேடம் வாயில வச்சாங்க. வச்சதும் துண்டை எடுத்து வாயைத் தொடைச்சுக்கிட்டாங்க. கடல் தண்ணின்னு சொன்னாங்க. கடல் எதிர்லயே இருக்கு, நான் எதுக்குக் கார்டுல போடணும்னாங்க.

எல்லாரும் இதுலயே குத்தம் கண்டுபிடிச்சா நான் என்னக்கா பண்றது? மூக்கு பொய் சொல்லுமா?

சவரி அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. அஞ்சலாட்சி, சூடா இருக்கிறது மூக்குக்கு, குளிர்ந்தது நாக்குக்கு, நீ வாயில வைக்காம இது ஆகாது, உப்பைப் பாதியாக் குறை, நன்னாரியை இன்னொரு ஸ்பூன் ஏத்துன்னாரு. அவரு வாயில இருபத்து நாலு மணி நேரமும் பன்னீர்ப் புகையிலை. அந்த நாக்கு எனக்குச் சொல்லுது. அவரும் கொய்யாப்பழத்துல ஒண்ணு பண்ணி வச்சிருக்காரு, பச்சை மொளகாயெல்லாம் போட்டு. அது மேடத்துக்குப் பிடிச்சிருக்கு. அதான் என்னைக் குழப்பி விடறாருன்னு நினைச்சேன். அவருக்கு என்ன, கவுண்டர்ல ஏற்கெனவே நிக்கிறவருதான். இருந்தாலும் மனுஷ மனசு யாருக்குத் தெரியும்.

இது எந்த ஊரு, தவளக்குப்பம் தாண்டிட்டோமா? பிளாஸ்க் நேரா இருக்குல்ல?

இன்னிக்குக் காலைல மேடம் முடிவாச் சொல்லிட்டாங்க. நாளைக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் சரியா வரலன்னா மெட்ராஸ் ஆள். அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. என் முகத்தையே பாத்துச் சொன்னாங்க. "கவுண்டர்ல நிக்கிறவங்க ஒவ்வொரு கிளாஸையும் ஸ்ட்ராவுல ஒரு சொட்டு எடுத்து ருசி பாத்துட்டுத்தான் அனுப்பணும். வேணும்னா துப்பிடு. ஆனா வாயில வைக்கமாட்டேன்னா அந்த இடத்துல உன்னை எப்படி நிறுத்த முடியும்?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்.

கிளம்பும்போது சவரி அண்ணன் இந்த பிளாஸ்கைக் கையில கொடுத்தாரு. நீ கடைசியாப் போட்டதைத்தான் ஊத்தியிருக்கேன், ஒரு துளி மாத்தல, ஐஸ் இருக்கு, கரையறதுக்குள்ள வாயில வச்சுப் பாரு, என்ன குறைன்னு நாளைக்கு நீயே வந்து சொல்லுன்னாரு.

ஆமாக்கா. அதுதான் இது.

பொய்யெல்லாம் இல்ல, பாதிக்கு மேல மாவடுத் தண்ணிதானே. ஏன்கா எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. கொஞ்சூண்டுதான் இருக்கு. முள்ளோடை தாண்டினதும் செக்போஸ்ட்ல போலீஸ் ஏறுவாங்க, பாண்டியிலேருந்து சரக்கு போகுதான்னு பையெல்லாம் பாப்பாங்க. ஹோட்டல் யூனிபாரத்துல என்னைப் பாத்தா கண்டிப்பாக் கேப்பாங்க. நீங்க ஆபீஸ் பை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டு டீச்சர் மாதிரி இருக்கீங்க. உங்க மடியில இருந்தா யாரு கேப்பாங்கன்னுதான். கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க மூஞ்சியைப் பாத்ததுமே நல்லவங்கன்னு தெரிஞ்சுது.

சரி, கொடுத்துடுங்க. என் பையிலயே வச்சுக்கிறேன். மாட்டினா நான் மாட்டிக்கிறேன்.

வாயில வச்சுப் பாத்தா என்னன்னுதானே கேக்கறீங்க. நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. எல்லாரும் ஏதோ நான் சாஸ்திரம் பேசற மாதிரியே கேக்கறீங்க. அப்படி இல்லக்கா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன். சாதாரண சத்தியம் இல்ல, இவன் தலையில கை வச்சு.

பார் இருக்கிற ஹோட்டல்னு தெரிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் குதிச்சாரு. லாரி ஷெட்டுல கூட வேலை பாக்கறவங்க எல்லாம் என்ன பேசுவாங்கன்னு ஒரே ரகளை. கடைசியில என் மாமியார் முன்னாடி, கூடத்துல, இவனைப் பாயில உக்காரவச்சு, சரி, போறதுன்னா போ, ஒரு சொட்டு நாக்குல வைக்கமாட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணிட்டேன். அப்ப இவனுக்கு ஒன்றரை வயசு. உச்சி துடிக்கிறது கையில தெரியுற மாதிரி இருந்துச்சு. அந்தக் கையை நான் எப்படிக்கா மறக்கிறது? ஏதாவது ஒண்ணுன்னா, இவனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, நான் எதையாவது மோந்து பாத்ததுல உள்ள போயிடுச்சோன்னு பயந்துக்கிட்டுக் கிடப்பேன். போன மழைக்கு வாந்தி எடுத்தான், மூணு நாள் நான் சோறு தின்னல.

எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்கா, அதைச் சொல்லணும். என்னை மட்டும் சத்தியம் பண்ண வைக்கல. அவரும்தான் பண்ணினாரு. அன்னிக்கே, அதே கூடத்துல. நீ தொடமாட்டேன்னு சொல்லும்போது நான் குடிக்கிறது நியாயம் இல்ல, நானும் விட்டுடறேன்னு அவரும் இவன் தலையில கை வச்சாரு. மாமியாரெல்லாம் அழுதுட்டாங்க.

யாரு?

அவரு விட்டாரான்னா... அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்தாரு. நாலு நாள். அப்புறம் ஷெட்டுல பூஜை, ஃபிரண்டுங்க எல்லாம் சேந்து, சரி, ஒரு நாள்தானேன்னு. இப்ப பழைய மாதிரிதான், வாரத்துல மூணு நாள். ஆம்பளைங்க வேலை அப்படி, உடம்பு வலி...

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏன், எனக்கே இப்பதான் சொல்ற மாதிரி இருக்கு.

இருங்கக்கா.

இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். சூடெல்லாம் இல்ல. மூச்சு சீரா வருது. காதுல இடிச்ச இடம்கூட வத்திடுச்சு. ஒரு வருஷமா வாரத்துக்கு மூணு நாள், அதே தலை, அதே சத்தியம். பாருங்க, கன்னம் எப்படி வச்சிருக்கான்னு. கொழுக்கட்டை.

இது கன்னியக்கோவிலா? அப்ப இன்னும் ஒரு ஸ்டாப்பிங்தான்.

அக்கா, பையிலேருந்து அந்த பிளாஸ்கை எடுத்து மூடியைத் திறங்க. எனக்கு ஒரு கைதான் இருக்கு. மூடியிலயே ஊத்துங்க. பாதி, பாதி போதும். ஐஸ் விழாம. கொடுங்க.

இருங்க. பேசாதீங்க.

ம்.

ஜில்லுனு இருக்கு. அப்புறம் உப்பு. அப்புறம்... அப்புறம் ஒண்ணுமே இல்லக்கா. இலுப்பைப்பூ எங்க போச்சு? நன்னாரி எங்க? மேடம் சொன்னது நிஜம்தான், கடல்தான் இது. ஐயோ, இதையா அந்தம்மா என் முகத்துக்காக முழுங்கிட்டு இருந்தாங்க.

இருங்க, இருங்க. வருது. வாயில சூடானதும் வருது. தொண்டைக்குப் பின்னாடிலேருந்து மேல ஏறி மூக்குக்குள்ள வருது பாருங்க, இலுப்பைப்பூ. அது உள்ளதான் இருக்கு, வெளிய வர முடியல. முன்னாடி இந்த உப்பு நிக்குது. நம்ம பஸ் படிக்கட்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டு உள்ள இருக்கிறவங்களை இறங்கவிடமாட்டான்ல, அது மாதிரி நிக்குது. அவனை இறக்கி விட்டுட்டா எல்லாரும் வந்துடுவாங்க. ஆறு ஸ்பூன் எதுக்கு, மூணு போதும். நன்னாரி கொஞ்சம் கூட்டணும். மொளகா சரியா இருக்கு, மொளகாயைத் தொடக்கூடாது.

ஆமா, சவரி அண்ணன் சொன்னதுதான். அதேதான்னு சொல்ல முடியாது. அவரு நன்னாரி ஒரு ஸ்பூன்னாரு, என் கணக்குல முக்கால்தான் வேணும். புகையிலை வாய்க்கு இனிப்பு கூடத்தான் கேக்கும்.

இன்னொரு சொட்டு ஊத்துங்க. இப்ப கொஞ்சம் ஐஸ் கரைஞ்சிருக்கும்ல, என்ன ஆகுதுன்னு பாக்கணும். ம். ஆமா, மூணே ஸ்பூன். போதும்கா, மிச்சத்தை ஜன்னல்ல ஊத்திடுங்க. பாத்து, சைக்கிள்காரர் வர்றாரு. அவரு போகட்டும். இப்ப ஊத்துங்க. ஐஸையும் கொட்டிடுங்க.

தொண்டை எரியுது. இதைப் போயி இந்த மனுஷன் வாரத்துக்கு மூணு நாள். நாளைக்குக் காலைல எழுந்ததும் சொல்லிடுவேன் அவர்கிட்ட. சண்டை வரும். வரட்டும். உன் சத்தியத்தை நீ என்ன பண்ணினியோ அதைத்தான் நானும் பண்ணினேன், ஆனா நான் பிள்ளையைக் குளிப்பாட்டறதுக்காகப் பண்ணினேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல பேசட்டும்.

பஸ் நிக்குது. ஏறிட்டாங்க. நீங்க சும்மா வெளிய பாருங்கக்கா, நான் பேசிக்கிறேன்.

வணக்கம் சார். பிள்ளை சட்டை, துண்டு, வேற ஒண்ணும் இல்ல சார் பையில. இதுவா? பிளாஸ்க் சார். காலி. மாவடுத் தண்ணி வச்சிருந்தேன், கொட்டிப் போச்சு. ஆமா சார், ஹோட்டல்லதான் வேலை. திறந்தே பாருங்க, எனக்கென்ன. நல்லா பாருங்க. ஊறுகாய் வாசம்தானே வருது? இல்ல, எதுக்குச் சார் மறுபடி மறுபடி மூக்கை உள்ள விடறீங்க? மோந்து பாத்தா என்ன சார் தெரியும்? வாயில வச்சாத்தான் தெரியும்.